ஹோமில் சேர்ந்தாச்சு, அப்புறம்?

முதியோர் ஹோமில் முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போகும். பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்குவது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைத் தோட்டத்தை போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவது, கேட்காமலே காபி வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுவது. நான்காவது வாரம்தான் வினை தெரியும். எனக்குத் தெரிந்தது தேங்காய் எண்ணெய் பாட்டிலில். கோத்தகிரியில் வருஷத்தில் பாதி நாள் எண்ணெய் உறைந்துதான் கிடக்கும், அது வேறு விஷயம். எனக்கு மூடியையே திருக முடியவில்லை. ஒரு மாதம் முன்புவரை வாக்கரைப் பிடித்து நின்றபடி வீட்டில் குக்கர் மூடியைத் திறந்து மூடிய கை. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆயிற்றே தவிர கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இங்கே வந்த நாளிலிருந்து பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பது வரை உதவிக்கு இருக்கும் பெண்ணே செய்தாள், நானும் சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

எனக்கு 73 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கோத்தகிரிக்கு வெளியே 22 அறை உள்ள ஒரு இடத்தில் நான்கு வருஷமாக இருக்கிறேன். இந்த மாதிரி இடத்துக்குத் தமிழில் சரியான பெயர் இன்னும் அமையவில்லை. முதியோர் இல்லம் என்றால் சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள், அசிஸ்டட் லிவிங் என்றால் மாசம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். குளிக்க, உடுத்த, நடக்க, மாத்திரை போட ஆள் உதவி உண்டு. மற்றபடி உங்கள் அறை, உங்கள் சாவி. நாங்கள் ஹோம் என்றுதான் சொல்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். யோகா, பஜனை, பிறந்தநாள் கேக் என்று ஹோம்காரர்கள் ஒரு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அது நல்லதுதான், போங்கள். ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் அந்த பஜனை நடக்கும். நீங்கள் போகாவிட்டால் நடக்காத ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு வேலையைப் பிடியுங்கள்

மேனேஜரிடம் போய் "எனக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்று கேட்காதீர்கள். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்றுதான் பதில் வரும், அவர் மேல் தப்பில்லை, விழுந்துவிட்டால் உங்கள் மகன் அவரைத்தான் கேட்பான். கேட்பதற்கு முன் பத்து நாள் சும்மா கவனியுங்கள். எந்த வேலை யாருடையதும் இல்லாமல் தொங்குகிறது, எது தினமும் தாமதமாகிறது என்று பாருங்கள். எங்கள் ஹோமில் அது பேப்பர். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும், வாட்ச்மேன் வாங்கி வந்து வரவேற்பு மேஜையில் போடுவார், அதோடு சரி. 15 பேப்பர் அங்கேயே கிடக்கும். நடக்க முடிந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள், முடியாதவர்கள் மதியம் வரை "என் பேப்பர் வரலையே" என்று மணி அடித்துக்கொண்டிருப்பார்கள். நான் வாழ்நாளெல்லாம் செய்த வேலை இது. வாக்கரின் முன்கம்பியில் ஒரு துணிப்பையைக் கட்டினேன். (நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கு எப்போதோ தடை, அதனால் துணிப்பைக்குப் பஞ்சமே இல்லை.) முதல் நாள் ஏழு அறை. மூச்சு வாங்கியது, பாதியில் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது மாதம் 15 பேப்பரும் நானே.

பிடிக்கிற வேலைக்கு நான்கு லட்சணம் வேண்டும். தினமும் வர வேண்டும், அதற்கு ஒரு நேரம் இருக்க வேண்டும், யாராவது ஒருவர் அதற்காகக் காத்திருக்க வேண்டும், உட்கார்ந்தோ ஒரு கையால் பிடித்துக்கொண்டோ செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், விளக்குக்குத் திரி திரிக்கலாம், சாப்பாட்டு மேஜையில் டம்ளர் வைக்கலாம், கரும்பலகையில் இன்றைய தேதியும் கிழமையும் மதியம் என்ன சாப்பாடு என்பதும் எழுதலாம். மாத்திரை பக்கம் மட்டும் போகாதீர்கள், அது நர்ஸ் வேலை, அங்கே உதவி செய்யப்போய் ஆள் மாறிவிட்டால் ஆபத்து. சூடானது, கனமானது, படிக்கட்டு ஏறவேண்டியது, இவையும் வேண்டாம்.

எங்கள் வரிசையில் 86 வயது பாட்டி ஒருவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். அவருக்குப் பட்டாணி உரிக்க வேண்டும் என்று ஆசை. இங்கே சீசனில் பச்சைப் பட்டாணி மூட்டையாக வரும். சமையல்காரம்மாவுக்குக் கோபம், உரித்தது பாதி தரையில் உருண்டு யாராவது கால் வைத்து வழுக்கினால் யார் பதில் சொல்வது என்று. நியாயம்தான். நாங்கள் ஒரு பெரிய தாம்பாளத்தில் ஈரத்துணியை விரித்து, அதைப் பாட்டி மடியில் இல்லாமல் மேஜை மேல் வைத்து, மேஜையைச் சுவரை ஒட்டித் தள்ளினோம். ஈரத்துணியில் பட்டாணி உருளாது. அவர் ஒரு காயை எடுத்து, முனையை நகத்தால் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டுத் தள்ளுவதற்கு அரை நிமிடம் ஆகும். அரைக் கிலோவுக்கு இரண்டு மணி நேரம். அதனால் இன்றைக்கு வேண்டியதைக் கொடுப்பதில்லை, நாளைக்கு வேண்டியதைக் கொடுக்கிறார்கள். இப்போது காலை பதினொரு மணிக்கு சமையல்காரம்மாவே வந்து "பாட்டி, பட்டாணி ஆச்சா?" என்கிறார். "ஆகலை போ, அவசரப்பட்டா ஆகுமா" என்று பாட்டி அதட்டுவதைக் கேட்க வேண்டும்.

இது என் சொந்த சித்தாந்தம் என்று நினைக்க வேண்டாம். 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் ஆளுக்கு ஒரு செடியைக் கொடுத்து நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள், சினிமா எந்த ராத்திரி பார்ப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முதல் மாடிக்காரர்கள்தான் கலகலப்பாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். செடி இரண்டு மாடியிலும் ஒன்றுதான்.

உங்கள் வேலைக்கு ஒரு மாற்று ஆளையும் பார்த்து வையுங்கள். எனக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தபோது பேப்பர் மறுபடி மேஜையில் கிடந்தது. அதற்கப்புறம் எட்டாம் நம்பர் அறை ரயில்வே சாரைப் பழக்கிவிட்டேன். அவர் நான் எப்போது படுப்பேன் என்று காத்திருக்கிறாரோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

"நான் செய்றேன், நீ பக்கத்துல நில்லு"

இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலை செய்யும் பெண்கள் மோசமில்லை. எங்கள் ஹோமில் பாதிப் பேர் பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படகர் ஊர்களுக்கு அதுதான் பெயர்) வரும் படகர் பெண்கள், மீதிப் பேர் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பொறுமைசாலிகள். ஆனால் எட்டு மணிக்குள் ஆறு பேரைக் குளிப்பாட்டி டிபனுக்கு உட்கார வைக்க வேண்டும் என்றால், நீங்கள் ஒரு பொத்தானை இரண்டு நிமிடம் தடவிக்கொண்டிருப்பதை எந்தப் பெண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அவள் போட்டுவிடுவாள். இப்படி நாளுக்குப் பத்து வேலை உங்கள் கையை விட்டுப் போகும்.

அதனால் எல்லாவற்றுக்கும் சண்டை போடாதீர்கள். இரண்டே இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது தலை வாருவதும் மேல்சட்டைப் பொத்தானும். "இந்த ரெண்டையும் எவ்வளவு நேரமானாலும் நான்தான் செய்வேன், அதுக்குள்ள நீ பக்கத்து ரூமைப் பாரு, குளிக்கிறதுக்கும் சாக்ஸுக்கும் நீ வா" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் நேரம் மிச்சம். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், ஏனென்றால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல முடியாது. இரண்டு மாதம் கழித்து மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள். குளியலறையில் மட்டும் வீரம் வேண்டாம். ஆள் நிற்கட்டும், வெட்கத்தை விடுங்கள்; வழுக்கி விழ அங்கே வாய்ப்பு அதிகம்.

அப்புறம், அவர்களிடம் பேசுங்கள். சாப்பாடு, சுடுதண்ணீர் தவிர வேறு விஷயம். ஒரு பெண்ணிடம் படகர் பாஷையில் பாட்டிக்கு என்ன சொல் என்று கேட்டேன், ஹெத்தை என்றாள். அவர்கள் டிசம்பர், ஜனவரியில் கும்பிடும் குலதெய்வமும் ஹெத்தைதான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் சாமியாகிவிட்டேன் என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மலையில் உடம்பை அசைப்பது

சமவெளி அளவுகோல் இங்கே சரிவராது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,200க்கும் மேல். வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் மேடு ஏறினாலே மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், மெதுவாகப் போங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மலைக்குக் குடிவருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், கீழே இருந்தபோது எழுதிக் கொடுத்த மாத்திரை அளவை இங்கே வந்த ஒரு மாதத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி, மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருக்கப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. கேட்டால் மலைப்பாக இருக்கும். 150ஐ ஏழால் வகுங்கள், நாளுக்கு இருபது நிமிடம் சொச்சம். அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. மிதம் என்றால் நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் தாங்கும்.

வெளியே மழையோ மிஸ்டோ இறங்கினால் வராந்தாதான் சாலை. எங்கள் வராந்தா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு என் காலுக்கு 62 அடி. கைப்பிடிக் கம்பியில் பத்து ரப்பர் பேண்டை மாட்டி வைத்திருக்கிறோம், ஒரு நடைக்கு ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். எண்ணிக்கை மறக்காது, ஏமாற்றவும் முடியாது.

காலில் பலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள், இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது? 70லிருந்து 74 வயதுக்குள் பெண் என்றால் 10க்குக் குறையக் கூடாது, ஆண் என்றால் 12. அதற்கும் கீழே போனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. கையை ஊன்றி எழுந்தால் கணக்கில் சேராது. எலும்பு ஆபரேஷன் ஆனவர்கள் பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகுதான் இதைத் தொட வேண்டும். எனக்கு முதலில் நான்கு வந்தது. இப்போது 11. மாசம் முதல் தேதி நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இதைச் செய்து நோட்டில் எழுதுகிறோம், ரயில்வே சார் விநாடி பார்ப்பார், ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் நம்ப மாட்டார், பரீட்சை ஹால் மாதிரி இருக்கும்.

இனி வெளியே. வழக்கமாகக் காலை ஆறு மணி வாக்கிங் போகிறவர் நீங்கள் என்றால் அந்தப் பழக்கத்தை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். கோத்தகிரிப் பக்கம் விடியலிலும் அந்தியிலும் கரடி நடமாட்டம் உண்டு, தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டுமாடு நிற்கும், மிஸ்டில் பத்தடி நெருங்கும் வரை தெரியாது. பத்து மணிக்குப் போய் நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள், தனியாகப் போகாதீர்கள். காட்டுமாட்டைப் பார்த்தால் போனை எடுக்காதீர்கள், அதன் வழியை விட்டு, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். எங்கள் கேட்டுக்கு எதிரே ஒன்று அரை மணி நேரம் நின்றிருக்கிறது, அன்று தபால்காரரும் வரவில்லை, பால்காரரும் வரவில்லை.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். மூச்சு வாங்காது என்பதால் சுலபம் என்று தோன்றும், ஆனால் முட்டி வாங்கும் அடி அதில்தான். தடியை முதலில் கீழே ஊன்றி, அப்புறம் வலிக்கிற காலை வைத்து, அதற்கப்புறம் நல்ல காலை வையுங்கள். ஏறும்போது நேர்மாறு, நல்ல கால் முதலில். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மாறி மாறி ஏதோ ஒரு மழை இருக்கும். படிகளில் பாசி பிடிக்கும், யூகலிப்டஸ் இலை நனைந்து கிடந்தால் எண்ணெய் தடவியது போலத்தான். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய ஷூ வாங்குங்கள். டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸோடு நடக்காதீர்கள். முக்கியமாக, ஒரு கையில் தடி, மறு கையில் குடை என்று கிளம்பாதீர்கள். சறுக்கினால் எதையும் பிடிக்கக் கை இருக்காது. இரண்டாவது வருஷம் எனக்கு நடந்தது அதுதான், நல்ல வேளையாக ஹைட்ரேஞ்சியா புதரில் விழுந்தேன், சிராய்ப்போடு போயிற்று. தலையோடு மூடும் மழைக்கோட்டுதான் சரி.

குளிர் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, வயதானால் இன்னும் தெரியாது. அதனால் பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் மட்டுமில்லை, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். காலையில் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். இன்னொன்று, மூடிய அறைக்குள் கரி அடுப்புக் கணப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சொந்த வீட்டில் அப்படித்தான் வைத்தோம் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள், கேட்காதீர்கள்.

மனிதர்களோடு

உண்மையைச் சொன்னால் உடம்பைவிட இதுதான் கஷ்டம். எழுபது வருஷம் தனித்தனி வீட்டில் தனித்தனிக் குழம்பு சாப்பிட்டவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சண்டை வரும். நாற்காலிக்கு வரும், டிவி ரிமோட்டுக்கு வரும், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வரும், மீன் வாசனைக்கு வரும். புதிதாக வருபவர்கள் முதல் நாள் சாப்பாட்டு அறையில் காலியாக இருக்கும் நாற்காலியில் நேராகப் போய் உட்காராதீர்கள். "இங்க யாராவது உட்காருவாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பகை தவிர்ந்துவிடும்.

எல்லோரோடும் பழக முயலாதீர்கள். ஒரே ஒரு ஆள் போதும் முதலில். அதற்கு வழி, உதவி செய்வது இல்லை, உதவி கேட்பது. "என் போன்ல எழுத்து பெருசா தெரியறதுக்கு எதை அழுத்தணும்?" என்று பக்கத்து அறைக்காரரிடம் கேளுங்கள். கேட்கப்பட்டவருக்கு முகம் மலரும். சும்மா "வாங்க, விளையாட வாங்க" என்று கூப்பிட்டால் பத்தில் எட்டுப் பேர் தலைவலி என்பார்கள். "ஒரு கை குறையுது" என்று சொல்லுங்கள், வருவார்கள்.

அப்படித்தான் எங்கள் பல்லாங்குழி ஆரம்பித்தது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கொட்டையை அள்ள ஐந்து விரலும் மடங்க வேண்டும், ஒவ்வொன்றாக விட விரல் ஒவ்வொன்றும் பிரிய வேண்டும், எண்ணிக்கை மனதில் ஓட வேண்டும். புளியங்கொட்டை வழுக்கினால் பெரிய சோழியாக மாற்றுங்கள், பார்வை மங்கியவர்களுக்கு வெள்ளைச் சோழி நன்றாகத் தெரியும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதற்குப் பசு என்று பேர், அது யாருக்கு என்பதில் ஊருக்கு ஒரு சட்டம். திருநெல்வேலி அக்காவும் ஈரோட்டு அக்காவும் இந்தப் பசுவுக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். மூன்றாவது நாள் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள், ஏனென்றால் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாக ஆடத் தெரியாது.

காது மந்தமானவர்கள் கூட்டத்தை விட்டு ஒதுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கோபம் இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்களைச் சுவரில் முதுகு சாய்ந்து உட்கார வைத்து, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி அமருங்கள். கத்தாதீர்கள், நிறுத்திப் பேசுங்கள். டிவியை அணையுங்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் "நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள், அதைப் போன்ற கொடுமை இல்லை. உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள், மடிக்க ஒரு கூடைத் துண்டு கொடுங்கள், கை அதுவாக மடிக்கும்.

தனியாக இருக்க விரும்புகிறவரை விட்டுவிடவும் தெரிய வேண்டும். பன்னிரண்டாம் அறை ஐயா சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டி வானொலி கேட்பார், யாரும் தட்டக் கூடாது. அவர் பேப்பரை மட்டும் என் கையிலிருந்து நேரில் வாங்குவார், இரண்டு வார்த்தை பேசுவார். அவருக்கு அது போதும் என்றால் நமக்கென்ன?

ஒரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. ஹோமில் சாவு வரும். நான் வந்த புதிதில் எங்கள் நிர்வாகம் அதை மறைத்தது. ராத்திரியில் பின்வாசல் வழியாக எடுத்துப் போய்விட்டு, காலையில் கேட்டால் "மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார்கள். நாங்கள் என்ன குழந்தைகளா? பேப்பர் போடப் போனவள் நான், கட்டிலில் மெத்தையை உதறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், எங்களிடம் சொல்லுங்கள் என்று. இப்போது காலை டிபனுக்கு முன் சொல்கிறார்கள், அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே ஒரு விளக்கு, தெரிந்தவர்கள் இரண்டு வார்த்தை. அழுகிறவர்கள் அழுகிறார்கள். அதற்கப்புறம் இட்லியும் சாப்பிடுகிறோம். உங்கள் ஹோமிலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

காம்பவுண்டுக்கு வெளியே

மாதம் ஒருமுறையாவது கேட்டைத் தாண்டுங்கள். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக வரும். பிள்ளைகள் அழைத்துப் போகிறேன் என்பார்கள், நிற்க இடம் இருக்காது, போகாதீர்கள். அதே நேரு பூங்காவுக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போனால் பெஞ்சு முழுக்க உங்களுடையது. மலை ரயில் ஆசை எல்லோருக்கும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், மணிக்கணக்கில் ஆகும், பெட்டியில் கழிப்பறை கிடையாது, நம் வயதுக்கு அது முக்கியமான தகவல். குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்குங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பெட்டியில் ஏற ஒரு சின்ன ஸ்டூலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு வெளியை உள்ளே வரவழையுங்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களை ஆடவிட்டுக் கைதட்டி அனுப்பாதீர்கள், ஆளுக்கு ஒரு கேள்வியோடு வரச் சொல்லுங்கள். பத்து வயதில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்த தாத்தா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். ஒரு பையன் "கப்பல்ல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டான். நான்கு வருஷத்தில் எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி, தாத்தா முக்கால் மணி நேரம் பேசினார்.

பிள்ளைகளுக்கு

போன் பண்ணினால் "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்காதீர்கள், அதை நர்ஸிடம் கேட்கலாம். "இன்னிக்கு யார் ஜெயிச்சாங்க, செடி பூத்ததா, பேப்பர் லேட்டா" என்று கேளுங்கள். அடிக்கடி வர முடியாவிட்டால் பரவாயில்லை, வருகிற நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள், வந்தால் ஹோட்டலுக்குக் கூட்டிப்போவதைவிட அவர்கள் வேலையில் கூடச் சேருங்கள். ஹோமில் ஏதாவது சரியில்லை, சொல்ல ஆள் இல்லை என்று அம்மாவோ அப்பாவோ தயங்கினால், மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567ஐப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் பேரன் வந்திருந்தான், கல்லூரியில் படிக்கிறான். "பாட்டி, நீ உட்காரு, நான் போடறேன்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான். எனக்கு ஐம்பது நிமிடம் ஆகும் வேலை. என்னடா என்று பார்த்தால் எல்லாவற்றையும் கதவடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். மதியத்துக்குள் என்னிடம் நான்கு புகார். பன்னிரண்டாம் அறை ஐயா பேப்பரை எடுக்கவே இல்லை, அடுத்த நாள் நான் போகும் வரை அது அப்படியே வாசலில் கிடந்தது.